அந்தக் கோட்டின் மை

"இரண்டு மை ஒன்றா வேறா என்று பார்த்துச் சொல்ல எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்?"

ஞானதிரவியம் முதல் கடிதத்திலேயே இப்படிக் கேட்டார். வணக்கம், நலமா, ஒன்றும் கிடையாது.

பதில் ஒரு போஸ்ட் கார்டில் வந்தது.

"எந்த இரண்டு?"

அவர் உண்மையைச் சொல்லவில்லை. "பொதுவாகக் கேட்கிறேன்" என்று எழுதினார்.

அடுத்த கார்டு வந்தது.

"பொதுவாக என்று ஒரு மை கிடையாது."

அவருக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தெட்டு வயது. திசையன்விளையில் பத்திரம் எழுதுகிறவர். முப்பது வருடமாக ஊரே அவர் முன்னால் கை கட்டி நின்று, "நீங்க பாத்து எழுதுங்க அண்ணாச்சி" என்றுதான் சொல்லியிருக்கிறது. ஒற்றை வரியில் யாரும் அவரை உட்காரவைத்ததில்லை.

கார்டு எழுதியவள் மெஹருன்னிசா. வயது முப்பத்தாறு. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

குரு என்றதும் தாடியும் ஆலமரமும் தேட வேண்டாம். அவளிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டி. அப்புறம் என்ன தேய்த்தாலும் கறை போகாத பத்து விரல்.

*

பேனாப் பைத்தியங்கள் பதினாறு பேர் சேர்ந்து ஒரு வட்டம் நடத்தினார்கள். மை ஊற்றி எழுதினால்தான் அவர்களுக்குப் பேனா. மற்றதெல்லாம் குச்சி.

மாதத்துக்கு ஒருவர் தன்னிடம் இருக்கிற மைகளில் ஏழெட்டைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்துப் பார்சல் போடுவார். குப்பி மேல் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். வாங்குகிறவர் எழுதிப் பார்க்க வேண்டும். தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். ஜன்னல் வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி, நோட்டையும் குப்பிகளையும் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். பதினாறு பேரையும் சுற்றி வந்த பிறகுதான் பெயர் வெளியே வரும்.

பதினைந்து பேரும் கோட்டைவிட்ட மையை மெஹருன்னிசா சரியாகச் சொல்வாள். அதனால் குரு என்றார்கள். அவள் நோட்டில் எழுதிவைத்தாள்: "குரு என்று முகவரி எழுதினால் பார்சலை வாங்க மாட்டேன்."

திருப்பூர்க்காரர் லோகு எழுதிப் பார்த்தார். பார்சல் திருப்பூருக்கே போய்ச் சேர்ந்தது.

ஞானதிரவியம் மை மேல் ஆசை என்று சொல்லி வட்டத்தில் சேர்ந்தார்.

அது பொய்.

*

உண்மை இதுதான்.

அவருக்கு ஒரே மகள். எப்சிபா. வேறு சாதிக்காரன் மாரிச்செல்வத்தைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டாள். ஆறு வருடம் அவர் அவளிடம் பேசவில்லை. பெண்பிள்ளை பிறந்தது. போகவில்லை. புற்றுநோய் வந்தது. போகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போகவில்லை. மனைவி சொர்ணபாயையும் போக விடவில்லை.

எப்சிபா செத்துப்போனாள்.

சபைப் போதகர் வந்து சொன்னபோது ஞானதிரவியம் ஒரு கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். அதை எழுதி முடித்தார். ஒரு பிழை இல்லை.

நாற்பது நாள் கழித்து மாரிச்செல்வம் ஒரு நோட்டைத் தபாலில் அனுப்பினான். எப்சிபா ஆஸ்பத்திரியில் கூடவே வைத்திருந்த நோட்டு. உள்ளே ஒரு துண்டுச்சீட்டு: "மாமா, இது உங்களிடம் இருக்கட்டும்."

மாத்திரை சாப்பிடுகிற நேரம், டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஒரு பக்கத்தில் பட்டியல். மேலே, 'பார்க்க வந்தால் உள்ளே விட வேண்டியவர்கள்' என்று எழுதியிருந்தாள். வார்டு நர்ஸுக்குக் காட்ட.

பதினோரு பெயர். பத்தாவது, அம்மா. பதினோராவது, அப்பா.

அப்பா மேல் ஒரு கோடு.

"அவன்தான் அடிச்சிருக்கான்," என்றார் ஞானதிரவியம்.

சொர்ணபாய் நோட்டை வாங்கினாள். அவள் பதினோராவது பெயரைப் பார்க்கவில்லை. பத்தாவது பெயரிலேயே நின்றாள். அதில் கோடு இல்லை.

"கேக்கியா? அவன்தான் அடிச்சிருக்கான்."

"எப்படிச் சொல்லுதிய?"

"பேரு நீலமா இருக்கு. கோடு கருப்பா இருக்கு. வேற மை, வேற கை. அதோட, அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும். எம்மவளுக்கு அது தெரியும். பத்து வயசுலேர்ந்து என் பக்கத்துல உக்காந்து பாத்தவ. கையெழுத்து இல்லாத அடித்தல் செல்லாது."

சொர்ணபாய் அவரையே பார்த்தாள்.

"சாகக் கிடக்கிறவ கையெழுத்துப் போட்டுக்கிட்டா அடிப்பா?"

அவர் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நாலு வயசுப் பிள்ளை அங்க தாயில்லாம இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

"முதல்ல மை எதுன்னு தெரியட்டும். அவன் அடிச்சிருந்தா அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன். நீயும் மிதிக்கக் கூடாது."

"அவளே அடிச்சிருந்தா?"

"அடிச்சிருக்க மாட்டா."

அன்றோடு சொர்ணபாய் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள். தண்ணீர் வைப்பாள். அவ்வளவுதான்.

*

புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வருடம் தாங்கள் எழுதியதற்கு ஒரு நகல் எடுத்து மெஹருன்னிசாவுக்கு அனுப்ப வேண்டும். அது வட்டத்தின் வழக்கம்.

முதல் பார்சலில் ஏழு குப்பி. ஞானதிரவியம் இரண்டே நாளில் ஏழுக்கும் பெயர் எழுதி அனுப்பினார்.

கார்டு வந்தது: "பெயர் கேட்கவில்லை. என்ன பார்த்தீர்கள்?"

"நீலம் பார்த்தேன்."

"இன்னொரு தடவை பாருங்கள்."

பார்த்தார். எரிச்சலோடுதான் பார்த்தார். ஒரு சொட்டு விட்டு, அது காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "காயும்போது ஓரத்தில் சிவப்பு கட்டுகிறது. நடுவில் இல்லை" என்று எழுதினார்.

அதற்குக் கார்டு வரவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. கார்டு வராவிட்டால் பாஸ்.

நோட்டில் மற்றவர்கள் எழுதியதையும் படிப்பார். லோகு எல்லா மைக்குக் கீழேயும் "செம" என்று மட்டும் எழுதியிருப்பார். அதற்குக் கீழே மெஹருன்னிசா, "செம என்பது என்ன நிறம்?" என்று கேட்டிருப்பாள். அடுத்த சுற்றில் லோகு பதில் எழுதியிருந்தார்: "செம நிறம்."

ஞானதிரவியத்துக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

மூன்றாவது மாதப் பார்சல் மெஹருன்னிசாவுடையது. நாலாம் குப்பி வெளிர் நீலம். ஐந்தாம் குப்பி கிட்டத்தட்டக் கருப்பு.

"நாலும் ஐந்தும் வேறு மை. கண் இருக்கிற எவனும் சொல்வான்" என்று எழுதினார்.

கார்டு வந்தது: "ஒரே பாட்டில். ஐந்தாவதைப் பத்து நாள் திறந்து வைத்திருந்தேன். தண்ணீர் வற்றிவிட்டது."

அவர் கார்டைக் கிழித்தார். பிறகு பசை போட்டு ஒட்டினார். "இது ஏமாற்று வேலை" என்று எழுதிப் போட்டார்.

"மூடி போடாமல் வைத்த பேனாவும் இதே வேலையைச் செய்யும்."

அந்தக் கார்டை ஒரு தடவை படித்தார். மேஜை டிராயரின் அடியில் வைத்துப் பூட்டினார்.

ஆறாவது மாதம் மை அனுப்புவது அவர் முறை. அனுப்பியதோடு விடாமல் தானும் எழுதிப் பார்த்து, நோட்டில் முதல் ஆளாகக் குறிப்பும் எழுதினார்.

"அனுப்பியவர் சோதிக்கக் கூடாது" என்று கார்டு வந்தது.

"ஏன்? என் மையைப் பற்றி எனக்குத்தானே நன்றாகத் தெரியும்?"

"அதனால்தான்."

இப்படியே வருடம் போனது. அவர் கண் கூர்மையானது நிஜம். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு நீலத்தில் எது தண்ணீருக்கு ஓடும், எது பிடித்துக்கொண்டு நிற்கும் என்று எழுதும்போதே சொல்ல வந்தது. மதுரையில் ஒரு பிள்ளைக்கு நாலு முடிந்து ஐந்து வயதானது. அதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மகள் எழுதிய பக்கத்தை மட்டும் தினமும் பார்த்தார். பெயர் நீலம். கோடு கருப்பு. சில நாள் கோடும் நீலமாகத் தெரியும். அந்த நாளில் நோட்டைச் சட்டென்று மூடிவிடுவார்.

கடைசியில் எழுதினார்.

"தாளில் காய்ந்துபோன எழுத்து ஒன்று. அதன் மேல் ஒரு கோடு. இரண்டும் ஒரே மையா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். தபாலில் அனுப்ப மாட்டேன்."

"ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சோதித்துப் பார்த்தால் எழுத்து கொஞ்சம் அழியும்."

*

ஆம்பூரில் அவள் வீடு, மாடியில் ஒற்றை அறை. சுவர் முழுக்க மை பாட்டிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தார். மேஜையில் இரண்டு பாட்டில் இருந்தது.

"மத்ததெல்லாம் எங்கம்மா?"

"அனுப்பிடுவேன் சார். வச்சுக்கிட்டு என்ன பண்றது."

அவர் நோட்டை விரித்து வைத்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தலைப்பைப் படித்தாள். பதினோரு பெயரையும் படித்தாள். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை.

"டீ சாப்பிடுறீங்களா?"

"வேண்டாம். பாருங்க."

"உங்க பொண்ணா?"

"ஆமா."

"இருக்காங்களா?"

"இல்லை."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோடு யார் போட்டதுன்னு நினைக்கிறீங்க?"

"மருமகன்."

"வேற மைன்னு வந்தா?"

"அவன் போட்டதுன்னு ஆகும். அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லை. பேத்தி கீத்தி எதுவும் கிடையாது."

"ஒரே மைன்னு வந்தா?"

"வராது."

"வந்தா?"

"வராதும்மா. ஒரு வருசமா பாக்கேன்."

"அப்போ நான் எதுக்கு சார்?"

"எனக்கு எழுத்துல வேணும். உங்க கையெழுத்தோட."

அவள் எழுந்துபோய் ஒரு பீங்கான் தட்டு, இரண்டு வடிதாள் துண்டு, முடி மாதிரி மெல்லிய ஒரு பிரஷ் எல்லாம் எடுத்து வந்தாள். லென்ஸை வைத்துப் பக்கத்தைப் பார்த்தாள்.

"கோட்டோட வால் பேரைத் தாண்டி வெளிய நீளுது. அதுல ஒரு இணுக்கு எடுத்துக்குவேன். அது போனா பரவாயில்ல. பேர்லேர்ந்தும் கொஞ்சம் வேணும். கோடு படாத இடமா வேணும்."

"எங்க இருக்கு?"

"இந்தப் புள்ளி. நடுவுல 'ப்' மேல வச்சிருக்காங்களே. அது ஒண்ணுதான் கோட்டுக்கு மேல தனியா நிக்குது."

"எடுத்தா?"

"போயிடும்."

"திரும்ப வராதா?"

"நீங்க ஒரு வருசம் படிச்சிருக்கீங்க சார்."

அவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். ஆறு வருடத்தில் அவள் அவரை அப்பா என்று எழுதிய இடம் இது ஒன்றுதான். அவருக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சின்னப் புள்ளி. கொஞ்சம் அழுத்தி வைத்திருந்தாள்.

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்பவில்லை. அப்புறம் கிளம்பிப் போனது.

"எடுங்க," என்றார்.

அவள் பிரஷைத் தண்ணீரில் நனைத்து, உதறி, புள்ளியைத் தொட்டாள். புள்ளி கலங்கியது. இன்னொரு தரம் தொட்டாள். அங்கே தாள் மட்டும் இருந்தது. பிரஷை ஒரு வடிதாள் துண்டில் ஒற்றினாள். பிரஷை மூன்று தண்ணீரில் கழுவினாள். கோட்டின் வாலைத் தொட்டாள். இரண்டாவது துண்டில் ஒற்றினாள்.

இரண்டு துண்டையும் தட்டின் விளிம்பில் சாய்த்து, அடி மட்டும் தண்ணீரில் படும்படி வைத்தாள்.

தண்ணீர் ஏறியது. மை பிரிந்தது. முதல் துண்டில் மேலே வெளிர் நீலம் போய் நின்றது. அதற்குக் கீழே ஊதா. அடியில் நகராமல் ஒரு சாம்பல் கறை.

இரண்டாவது துண்டிலும் தண்ணீர் ஏறியது.

நீலம். ஊதா. சாம்பல்.

அவளுக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். அவளே சொல்லட்டும் என்று இருந்தார். அவள் சொல்லவில்லை. அவரே சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரே மை."

"ஒரே மை."

"கோடு கருப்பா இருந்துதே?"

"பேனா திறந்தபடி கொஞ்ச நேரம் கிடந்திருக்கும். பேரை எழுதிட்டு, மூடி போடாம எதுக்கோ காத்திட்டிருந்திருப்பாங்க."

அவர் முகத்தைத் துடைத்தார். எழுந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"அப்படின்னா அவ பேனாவையே எடுத்து அடிச்சிருக்கான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாம்மா. பேனா பக்கத்துலதானே கிடந்திருக்கும். அவ தூங்கும்போது எடுத்து அடிச்சிருக்கான். அதான் ஒரே மை."

மெஹருன்னிசா ஒரு தாளை எடுத்தாள். எழுதினாள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவர் கேட்டது அதுதானே.

"பெயரும் கோடும் ஒரே மை. யார் கை என்று மை சொல்லாது."

"இது எனக்கு உதவாது," என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா ஒரு வருசம் கார்டு எழுதினீங்க? அன்னைக்கே சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்."

"நீங்க மையைப் பத்திக் கேட்டீங்க. மையைப் பத்திச் சொன்னேன். வேற எதுவும் நீங்க கேக்கல."

அவர் நோட்டை மூடப் போனார். அவள் தன் பதிவேட்டைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம் சார். என் ஏட்டுல ஒரு கட்டம் காலியா இருக்கு. எழுதின தேதி?"

"மேலயே போட்டிருக்கா. பிப்ரவரி பதினொண்ணு. புதன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, அந்தத் தேதியை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை என்று. ஒரு வருடமாக அந்தப் பக்கத்தைப் பார்த்தவர், அந்தத் தேதியில் கண்ணை நிறுத்தியதே இல்லை.

அவள் எழுதிக்கொண்டாள்.

"அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே."

"சரி. நீங்க இருந்த இடத்துல என்ன நடந்துச்சு?"

"நான் ஆபீஸ் வாசல்ல இருந்தேன். நல்ல கூட்டம். மூணு பத்திரம் பதிவுக்கு நின்னுது. தலை நிமிர நேரமில்லை. மேஜையில—"

நிறுத்தினார்.

அவள் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தாள்.

"மேஜையில?"

அவர் பக்கத்தைப் பார்த்தார். பெயர் இருந்தது. கோடு இருந்தது. புள்ளி இருந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"அவ போன் வந்தது. நான் எடுக்கல," என்றார்.

"எத்தனை தடவை சார்?"

அவர் நோட்டை மூடவில்லை.

"மூணு."